வாய்ப்புண் ஆறவில்லையா? காப்பீட்டு அட்டைக்கு இன்றே கிளம்புங்கள்

எங்கள் தெருவில் தறி ஓட்டிய ஒருவருக்கு முப்பது வருடமாகக் கன்னத்தில் புகையிலை அடக்கும் பழக்கம். புற்றுநோய் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் காப்பீட்டு அட்டைக்கு அலையத் தொடங்கினார். அட்டை கைக்கு வர இரண்டு மாதம். அதற்குள் கட்டி தாடை எலும்பைத் தொட்டுவிட்டது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விளம்பரப் பலகை சொல்வது இவ்வளவுதான். சிக்கல் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

முதலில் ரேஷன் அட்டையைப் பாருங்கள். நோயாளியின் பெயர் அதில் இல்லையென்றால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். ஆதாரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இழுத்தடிப்பார்கள், இப்போதே திருத்துங்கள். வருமானச் சான்றுக்கு "அடுத்த வாரம் வாருங்கள்" என்று வாய்மொழியாகச் சொன்னால் நம்பித் திரும்பாதீர்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பிறகு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்குக் குடும்பத்தோடு போங்கள். ஒருவர் வரவில்லை என்பதற்காக இன்னொரு நாள் கூலியை இழக்க வேண்டாம்.

மருத்துவமனையில் கேட்க வேண்டிய கேள்வி: "புற்றுநோய்ச் சிகிச்சைக்கு இந்தத் திட்டம் இங்கே செல்லுமா?" பட்டியலில் இருக்கும் மருத்துவமனை எல்லா நோய்க்கும் பட்டியலில் இருப்பதில்லை. இதைக் கேட்காமல் படுக்கையில் சேர்ந்து கடன்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளிநோயாளியாக எடுக்கும் எல்லாச் சோதனைக்கும் காப்பீடு வராது. எனவே சதைச் சோதனையை (பயாப்ஸி) அரசு மருத்துவமனையிலேயே எடுங்கள். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசின் அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது.

சிகிச்சைக்குக் காப்பீட்டின் முன் அனுமதி வரும்வரை பணம் கட்டச் சொன்னால், ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் தராதீர்கள். உடனே 1800 425 3993 என்ற எண்ணில் புகார் சொல்லிப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஹான்ஸ், கூல் லிப் போன்ற புகையிலை போட்டதைச் சொன்னால் காப்பீடு கிடைக்காது என்று பயந்து பலர் மருத்துவரிடம் மறைக்கிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். எதை, எத்தனை வருடம், எந்தக் கன்னத்தில் அடக்கினீர்கள் என்று முழுதாகச் சொல்லுங்கள்.

வெள்ளைத் திட்டு, மூன்று வாரமாக ஆறாத புண், வாயை முழுதாகத் திறக்க முடியாமை: இவற்றில் ஒன்று தெரிந்தாலே போதும். ஒருவர் நோயாளியைச் சோதனைக்கு அழைத்துப் போங்கள். இன்னொருவர் அதே நாளில் இ-சேவை மையத்துக்குப் போங்கள்.