அவருக்குத் தெரியாது, நீங்கள்தான் சொன்னீர்கள்

மனதைப் படிப்பதுபோல் மேடையில் வித்தை காட்டிப் பிழைப்பவன் நான். நிகழ்ச்சி முடிந்ததும் யாராவது ஓரமாக வந்து நிற்பார். போனில் ஏதோ அமெரிக்க டிவி நிகழ்ச்சியின் துண்டு. "சார், இவர் செத்தவங்களோட பேசுறாரே, எங்க அம்மாகிட்டயும் கேட்டுச் சொல்ல முடியுமா?" போன வாரமும் ஒருவர் வந்தார். இனியும் பேசாமல் இருக்க முடியாது.

எல்லாரும் கேட்பது ஒன்றே: "பேரு எப்படித் தெரிஞ்சுது?" ஐயா, தெரியவே இல்லை! வீடியோவை மறுபடி ஓடவிடுங்கள். "இந்தப் பக்கம், 'ஜே'யில் ஒரு பெயர், வயதானவர்" என்கிறார். ஜான், ஜேம்ஸ், ஜோசப் இல்லாத குடும்பம் அங்கே உண்டா? கூட்டத்தில் ஒரு பெண் கை தூக்குகிறார்: "என் அப்பா ஜோசப்." பெயரைச் சொன்னது யார்? அடுத்து, "நெஞ்சுப் பக்கம் ஏதோ..." மாரடைப்பு, நுரையீரல் புற்று, மூச்சுத்திணறல், எதுவானாலும் பொருந்தும். பொருந்தாவிட்டால், "வீட்டில் விசாரித்துப் பாருங்கள்" என்று நகர்ந்துவிடுவார். அப்புறம் அந்தப் பெண்ணே "அப்பா பேரைச் சரியா சொன்னார்" என்று சத்தியம் செய்வார். பொய் சொல்லவில்லை, நினைவில் அப்படித்தான் தங்கும். எதிராளி வாயிலிருந்தே விவரத்தைக் கறக்கும் இந்த வித்தைக்குத் தொழிலில் பெயர் கோல்ட் ரீடிங் (cold reading). எடிட்டிங் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

முன்கூட்டியே விவரம் திரட்டுவதும் உண்டு. பீட்டர் போபாஃப் என்ற போதகர், முன்பின் தெரியாதவர்களின் முகவரியையும் நோயையும் சொல்லி அசத்தினார். 1986-ல் ஜேம்ஸ் ராண்டியின் குழு (ராண்டியும் மேஜிக்காரர்தான், எங்கள் ஆள்) ரேடியோ ஸ்கேனரோடு போய், 39.17 மெகாஹெர்ட்ஸில் ஓடிய ரகசியப் பேச்சைப் பிடித்தது. பிரார்த்தனைச் சீட்டில் அவரவர் எழுதித் தந்ததைப் போபாஃபின் மனைவி ரேடியோ வழியாக அவர் காதுக்குள் வாசித்துக்கொண்டிருந்தார்!

நானும் இதே வேலையைத்தான் செய்கிறேன், வித்தை என்று சொல்லிவிட்டு. செத்தவர்களோடு பேசுவதாகச் சொல்லிக்கொண்ட அமெரிக்கர் சில்வியா பிரவுன், 2004-ல் மகளைக் காணாமல் தவித்த ஒரு தாயிடம் டிவியிலேயே "அவள் உயிரோடு இல்லை" என்றார். தாய் 2006-ல் இறந்தார். மகள் 2013-ல் கிளீவ்லாந்தில், அடைத்துவைத்திருந்த வீட்டிலிருந்து உயிரோடு தப்பி வந்தார். 'பொழுதுபோக்குக்காக மட்டும்' என்று திரையின் அடியில் ஒரு வரி ஓடவிட்டால் தீருமா?

இப்படிப்பட்டவர்களிடம் போயே தீருவேன் என்றால், வாயைத் திறக்காதீர்கள். தலையைக்கூட ஆட்டாதீர்கள். உங்கள் பெயரில் டிக்கெட் எடுக்காதீர்கள். பேரை வைத்துத் தேடினால், அம்மாவுக்கு நீங்கள் எழுதிய அஞ்சலி ஃபேஸ்புக்கில் இருக்கிறது. தனிச் சந்திப்பு, தனிக் கட்டணம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். துக்கம் இன்னும் ஆறாதவர்கள், தயவுசெய்து இப்போது வேண்டாம். வீட்டில் யாராவது காணாமல் போயிருந்தால் இவர்கள் பக்கமே போகாதீர்கள். வழக்கைப் பார்க்கும் அதிகாரியைப் போய் நச்சரியுங்கள், அவர் சலித்துக்கொண்டாலும் பரவாயில்லை.