சைக்கிள் டைமை கம்பேர் பண்றதுக்கு முன்னாடி சக்குல பொறிச்சிருக்கிற ஆர்பிஎம்மை பாருங்க

போன வாரமும் அதே கதை. வியாசர்பாடி பக்கம் ஒரு ஜாப் ஆர்டர் ஷாப், சிஎன்சி டர்னிங் சென்டர்ல (கம்ப்யூட்டர் ப்ரோகிராம்ல ஓடற லேத்) ஈஎன்8 ஸ்டீல் ஜாப் ஓடுது. ஓனர் போன் பண்ணி, "இன்னா சார், பக்கத்து ஷெட்டுல இதே ஜாப் ஒரு நிமிஷம் அம்பது செகண்டுல இறங்குது, நம்மள்து மட்டும் ரெண்டு நிமிஷம் நாப்பது, மிஷின்ல இன்னா ப்ராப்ளம்னு வந்து பாரு சார்"னு கேட்டார். போய் பார்த்தா மிஷின்ல ஒன்னுமே இல்ல. ஆனா நான் போறதுக்கு முந்தின நாளே, பக்கத்து ஷெட்டை எட்டிப் பிடிக்கணும்னு ப்ரோகிராம்ல ஜி50ல 2000னு இருந்த மேக்ஸிமம் ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை சுத்து) லிமிட்டை 4000 ஆக்கி, ஃபீடு ஓவர்ரைடு நாபை (டூல் நகர்ற வேகத்தை ஏத்தி இறக்கறது) 150 பர்சென்ட்ல வச்சு ஓட்டியிருக்காங்க, ஃபேசிங்ல (முகப்பை சென்டர் வரைக்கும் சீவறது) ஜாப், சக்குல (ஜாபை பிடிச்சு சுத்தற பாகம்) இருக்கிற சாஃப்ட் ஜாவை, அதாவது பிடிக்கிற தாடையை விட்டு கழண்டு வந்து டோர் கண்ணாடில அடிச்சிருக்கு. கண்ணாடி தாங்கினதால ஆபரேட்டர் தம்பிக்கு ஒன்னும் ஆகல. இந்த மாதிரி திருவொற்றியூர்லயும் பார்த்துட்டேன், மாதவரத்துலயும் பார்த்துட்டேன், அதனாலதான் இப்ப எழுதியே ஆகணும்னு உக்காந்தேன்.

அந்த 4000னால என்ன மிச்சம்னு அங்கேயே கணக்கு போட்டு காட்டினேன். கட்டிங் ஸ்பீடு நிமிஷத்துக்கு 200 மீட்டர், ஃபீடு ஒரு சுத்துக்கு 0.2 எம்எம். டூல் சென்டரை நோக்கி போகப்போக, கட்டிங் ஸ்பீடை ஒரே அளவா வச்சுக்கிற ஜி96 கட்டளை ஆர்பிஎம்மை ஏத்திக்கிட்டே போகும், ஜி50 தான் அதுக்கு மூக்கணாங்கயிறு. 2000 லிமிட்டுன்னா 32 எம்எம் டயாக்கு கீழ வரும்போதுதான் அது பிடிக்கும். அங்கேருந்து சென்டர் வரைக்கும் 2.4 செகண்ட், லிமிட்டை 4000 ஆக்கினா 1.5 செகண்ட். மிச்சம் முழுசா ஒரு செகண்ட் கூட கிடையாது! ஆனா ஆர்பிஎம் ரெண்டு மடங்கானா ஜாவை வெளிய இழுக்கிற விசை நாலு மடங்கு, அந்த அளவுக்கு சக்கோட பிடி குறையும். கனமான சாஃப்ட் ஜாவை வெளிப்பக்கமா தள்ளி மாட்டியிருந்தா இன்னும் மோசம். சக்கு மேலயே மேக்ஸிமம் ஆர்பிஎம் பொறிச்சிருக்கும், அதுவும் முழு ப்ரஷர்ல, சரியான ஜாவோட, கிரீஸ் வச்ச சக்குக்குத்தான். உங்க சக்குக்கு கடைசியா எப்ப கிரீஸ் வச்சீங்க?

இப்ப எனக்கு ரொம்ப எரிச்சலா வர்ற விஷயத்துக்கு வர்றேன். "அவன் மிஷின் ரேபிட் 30 மீட்டர், நம்மள்து 24 தான் சார், அதான் லேட்"னு கேட்லாக்கை விரிச்சு காட்டுறாங்க. ரேபிட்னா வெட்டாம சும்மா நகர்ற வேகம், நிமிஷத்துக்கு இத்தனை மீட்டர்னு. சரி, அதையும் போட்டுப் பாப்போம். டூல் மாத்துற இடத்துலேருந்து ஜாப் வரைக்கும் 300 எம்எம்னே வச்சுக்கோங்க. 24 மீட்டர்ல 0.75 செகண்ட், 30 மீட்டர்ல 0.6 செகண்ட். நாலு டூல், போயிட்டு வர்றது எட்டு மூவ், மொத்த வித்தியாசம் 1.2 செகண்ட். அதுலயும் ஸ்லைடு ஸ்பீடு எடுக்கணும், பிரேக் போடணும், நெசத்துல இன்னும் கம்மியாத்தான் வரும். அம்பது செகண்டை ரேபிட் திங்கல. அதே ப்ரோகிராம்ல ஒவ்வொரு டூலும் ஜாபுக்கு 10 எம்எம் முன்னாடியே ஃபீடுல இறங்குது, 1500 ஆர்பிஎம், 0.2 ஃபீடு, அதை 2 எம்எம் ஆக்கினா ஒரு டூலுக்கு 1.6 செகண்ட், நாலு டூலுக்கு ஆறு செகண்டுக்கு மேல. காத்தை வெட்டினதை நிறுத்தினதுக்கே அஞ்சு மடங்கு லாபம், பைசா செலவில்லாம! ஒவ்வொரு டூல் மாத்தறதுக்கும் ஜி28 போட்டு ஹோம் (மிஷினோட ஆரம்ப நிலை) வரைக்கும் ஓடறதும் அப்படித்தான், டரட் (டூல் எல்லாம் மாட்டியிருக்கிற தலை) சுத்த இடம் இருந்தா போதும். ஆனா அந்த இடத்தை நீளமான போரிங் பாரை வச்சு செக் பண்ணிட்டு வைங்க.

அப்ப அம்பது செகண்ட் எங்க போச்சு? பக்கத்து ஷெட்டுல சொன்னது ஸ்க்ரீன்ல தெரியிற சைக்கிள் டைம், இவர் சொன்னது ஸ்டாப்வாட்ச்ல ஜாப் ஏத்தி இறக்கறதோட சேர்த்து. அங்க ஃபோர்ஜிங் (அடிச்சு உருவாக்கின பீஸ்), ஒரு பக்கத்துக்கு 2 எம்எம் மெட்டீரியல்தான் சீவணும், இங்க ராடை அறுத்து போடறாங்க, ரஃபிங்லயே மூணு பாஸ் கூட. இதை எப்படிங்க கம்பேர் பண்ணுவீங்க? இன்னொன்னு, ஃபானுக் கன்ட்ரோலர் ஸ்க்ரீன்ல காட்டுற சைக்கிள் டைம்ல ஃபீடு ஹோல்டு நேரம் சேராது. சிப்பு சுத்திக்கிச்சுன்னு ஆபரேட்டர் நிறுத்தி கொக்கியால எடுக்கிற நேரம் கணக்குலயே வராது. அந்த நம்பரை நம்பி பார்ட்டிக்கு ரேட் குடுத்துட்டு அப்புறம் தம்பியை திட்டறது என்ன நியாயம்?

நெஜமாவே ரெண்டு மிஷினை ஒப்பிடணும்னா அதே பிளாங்க் (வெட்டறதுக்கு முன்னாடி இருக்கிற பீஸ்), அதே இன்செர்ட் (டூல் நுனில மாட்டற வெட்டுற துண்டு) கிரேடு, அதே ப்ரோகிராம், ஓவர்ரைடு எல்லாம் 100, ஒரு ஜாபை பார்க்காதீங்க, ஷிஃப்ட் முழுக்க ஓட்டி நல்ல பீஸ் எத்தனைன்னு எண்ணுங்க. உதாரணத்துக்கு, ஏத்தி இறக்கறதோட 185 செகண்ட், ஏழு மணி நேர ஓட்டம்னா 136 பீஸ். பத்து செகண்ட் குறைச்சா 144. எட்டு பீஸ் கூட. நல்ல விஷயம்தான், ஆனா ஓவர்ரைடை ஏத்தினதுல இன்செர்ட் உடைஞ்சு, அதுக்கு அடில இருக்கிற ஷிம்மும் போயி, ஆஃப்செட் (டூல் நுனியோட அளவு) திரும்ப எடுத்து அரை மணி நேரம் மிஷின் நின்னா பத்து பீஸ் போச்சு. ஸ்பீடு, ஃபீடு ஏத்தணும்னா இன்செர்ட் பாக்ஸ்ல போட்டிருக்கிற ரேஞ்சுக்குள்ள, ப்ரோகிராம்ல மாத்துங்க, நாபை திருப்பாதீங்க. த்ரெட்டிங்ல (மரை போடறதுல) அந்த நாப் வேலையே செய்யாதுன்றது வேற.

அப்புறம் டோர் ஸ்விட்ச், டோர் திறந்திருந்தா மிஷினை ஓட விடாம தடுக்கிறது. லோடிங்ல மூணு செகண்ட் மிச்சம்னு ஸ்விட்சுக்கு ஜம்பர் போட்டிருந்தா இன்னிக்கே எடுத்துடுங்க, இதுல பேச்சே கிடையாது. டோர் கண்ணாடி பாலிகார்பனேட், கூலன்ட் பட்டு பட்டு வருஷமாக வருஷமாக அதோட பலம் குறையும், மங்கிப்போயிருந்தா, கீறல் விழுந்திருந்தா மாத்துங்க, ஒரு தடவை அடி வாங்கினதுன்னா கட்டாயம் மாத்துங்க. கடைல கம்மியா கிடைக்குதுன்னு அக்ரிலிக் ஷீட்டை அறுத்து மாட்டிடாதீங்க, அது தாங்காது, சில்லு சில்லா உடையும்.

ஓனருங்களை ஒன்னு கெஞ்சிக் கேக்கறேன். உங்க மிஷின் முன்னாடி நிக்கிறது பெரும்பாலும் ஒடிசா, பீகார்லேருந்து வந்த சின்னப் பசங்க. டார்கெட் குடுத்தா முடியாதுன்னு உங்ககிட்ட சொல்ல பயப்படுவாங்க, சொன்னபடி நாபை திருப்பிட்டு கண்ணாடிக்கு நேரா நிப்பாங்க. சவுண்டு மாறினா நிறுத்துடான்னு அவங்களுக்கு புரியிற பாஷைல சொல்லி வைங்க, நிறுத்தினா அன்னிக்கு பீஸ் கம்மின்னு கேக்காதீங்க.