ரீநார்மலைசேஷன் குரூப்: முடிவிலியைக் கழிக்கும் தந்திரம் அல்ல

சேலத்தில் எம்.எஸ்சி. இயற்பியல் மாணவர்களுக்குப் புள்ளியியல் இயக்கவியல் நடத்துகிறேன். ரீநார்மலைசேஷன் குரூப் (பார்க்கும் அளவை மாற்றினால் ஒரு பொருளின் விவரிப்பு எப்படி மாறுகிறது என்று கணக்கிடும் முறை) பாடம் தொடங்குவதற்கு முன்பே வகுப்பில் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். "கணக்குல முடிவிலி வந்தா அதைக் கழிச்சிடுற ட்ரிக் சார் அது." ஏதாவது வீடியோவில் பார்த்திருப்பார்கள், இல்லையென்றால் சீனியர் சொல்லியிருப்பார். இதே எண்ணத்தோடு, அடிப்படைத் துகள்களையும் விசைகளையும் விவரிக்கும் குவாண்டம் புலக் கோட்பாட்டுக்குப் போகிற பிள்ளைகள் அங்கே தொகையீடுகளை மனப்பாடம் செய்து நெட் தேர்வு எழுதுகிறார்கள். எதற்காக இதையெல்லாம் செய்கிறோம் என்று ஒருநாளும் தெரியாமலே படிப்பு முடிந்துவிடுகிறது. எனக்கு இது பெரிய வருத்தம்.

தண்ணீரிலிருந்து தொடங்கலாம். சேலத்தில் அது ஏறக்குறைய 99 டிகிரியில் கொதிக்கிறது. கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டுக்குப் போனால் 95 டிகிரியே போதும். காற்றழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் இறங்கும். சரி, அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால்? கொதிநிலை ஏறிக்கொண்டே போய், 374 டிகிரியில், சுமார் 218 வளிமண்டல அழுத்தத்தில், நீருக்கும் ஆவிக்கும் உள்ள வேறுபாடே மறைந்துவிடும். அதுதான் மாறுநிலைப் புள்ளி. ஏற்காட்டில் கொதிக்கும் தண்ணீர் அந்தப் புள்ளியிலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறது. அங்கே உள்ளுறை வெப்பம் (வெப்பநிலை ஏறாமலே நீர் ஆவியாக உறிஞ்சும் வெப்பம்) உண்டு, நீரும் ஆவியும் தெளிவாக வேறு வேறு. எல்லா நிலைமாற்றத்தையும் மாறுநிலை என்று எழுதும் விடைத்தாள்களை நான் நிறையப் பார்க்கிறேன். தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.

காந்தத்துக்கும் இப்படி ஒரு புள்ளி உண்டு. நம் கஞ்சமலையில் கிடைக்கும் மேக்னடைட் என்ற இரும்புத் தாதுவைச் சுமார் 580 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் அதன் வலுவான காந்தத்தன்மை போய்விடும். மாறுநிலையை நெருங்கும்போது நீருக்கும் ஆவிக்கும் உள்ள அடர்த்தி வேறுபாடு எப்படிச் சுருங்குகிறது என்பதை ஓர் அடுக்கெண் சொல்கிறது: மாறுநிலை வெப்பநிலைக்கு இன்னும் இருக்கும் இடைவெளியின் சுமார் 0.326ஆம் அடுக்காக. ஒரே அச்சில் மேலும் கீழும் மட்டும் நோக்கும் அணுக்காந்தங்கள் கொண்ட பொருள்களில் காந்தத்தன்மை மறைவதற்கும் அதே 0.326 தான். எல்லாக் காந்தங்களுக்கும் அல்ல, இந்த வகைக்கு. திரவம் எங்கே, காந்தம் எங்கே!

வான் டெர் வால்ஸ் 1873இல் திரவத்துக்கும், வெய்ஸ் 1907இல் காந்தத்துக்கும் தந்த கோட்பாடுகள் இரண்டும் 0.5 என்கின்றன. ஒவ்வொரு துகளும் மற்றவற்றின் சராசரியை மட்டும் உணர்கிறது என்று வைத்துக்கொண்டதால் வந்த பிழை அது. மாறுநிலையில் ஒரே மாதிரித் துகள்கள் சேர்ந்த சின்னத் திட்டும் பெரிய திட்டும் எல்லா அளவுகளிலும் கலந்து கிடக்கும். சராசரி அங்கே எதையும் சொல்லாது. பக்கத்துப் பக்கத்துத் துகள்களைத் தொகுத்து ஒன்றாக்கிப் பார்க்கலாம் என்றார் லியோ கடனாஃப், 1966இல். கென்னத் வில்சன் 1971இல் அதை ரீநார்மலைசேஷன் குரூப் வழியாகக் கணக்குப் போடக்கூடிய முறையாக்கினார். 1982இல் நோபல் பரிசு பெற்றார்.

கால்குலேட்டர் இருந்தால் இதை நீங்களே செய்துபார்க்கலாம். சேர்வராயன் மலைச்சரிவில் கோடையில் புல் காய்ந்து தீப்பிடிக்கும். முக்கோண வலைப்பின்னலாகப் புள்ளிகள் இட்டு, ஒவ்வொன்றிலும் காய்ந்த புதர் இருக்கும் நிகழ்தகவை ப என்று வையுங்கள். தீ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக ப எவ்வளவு இருக்க வேண்டும்? மூன்று புள்ளிகளை ஒரு பெரிய புள்ளியாக்குங்கள். இரண்டோ மூன்றோ புதர்கள் இருந்தால் அதையும் புதர் என்று கொள்ளுங்கள். புதிய நிகழ்தகவு ப³ + 3ப²(1−ப). இதில் 0.45 போட்டால் 0.425, பிறகு 0.389, 0.336, 0.263 என்று சரிந்து பூச்சியத்துக்குப் போகும். 0.55 போட்டால் 0.575, 0.611, 0.664 என்று ஏறி ஒன்றுக்குப் போகும். பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையே 0.5 மட்டும் அசையாமல் நிற்கும். அதுதான் நிலைப்புள்ளி, இந்த வலைப்பின்னலுக்குத் துல்லியமான விடையும் 0.5 தான்.

இன்னும் ஒரு படி போங்கள். அந்த இடத்தில் சூத்திரத்தின் வரைபடச் சரிவு 1.5, நீளம் ஒவ்வொரு முறையும் √3 மடங்கு மாறுகிறது. √3இன் மடக்கையை 1.5இன் மடக்கையால் வகுத்தால் தொடர்புநீளத்தின் (புதர்த் திட்டுகளின் வழக்கமான அளவு) அடுக்கெண் 1.355 கிடைக்கும். துல்லிய மதிப்பு 4/3. ஒரு பக்கக் கணக்கில் இவ்வளவு நெருக்கம்! எப்போதும் இப்படி வாய்க்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். சதுர வலைப்பின்னலில் நான்கைத் தொகுத்து, ஒரு திசையில் வழி இருக்கிறதா என்று பார்த்தால் நிலைப்புள்ளி 0.618 வரும், உண்மை 0.593. தொகுக்கும்போது சில தகவல்களை விட்டுவிடுகிறோம், அதன் விலை இது. அப்புறம், நிஜத் தீக்குக் காற்றும் சரிவும் உண்டு. வனத்துறைக்கு இந்தக் கணக்கு உதவாது.

இந்தக் கணக்கில் முடிவிலி எங்கே வந்தது? வரவே இல்லை. ஆனாலும் இது ரீநார்மலைசேஷன் குரூப் தான். பார்க்கும் அளவை மாற்றினால் விவரிப்பு எப்படி மாறுகிறது என்பதே அதன் உயிர். மின்காந்த விசையின் வலிமை தாழ்ந்த ஆற்றலில் 1/137. மென்விசையைக் கடத்தும் இசட் போசான் என்ற துகளின் ஆற்றலில் சுமார் 1/128. இது சோதனையில் அளந்த உண்மை. மறைக்கப்பட்ட எதுவும் அதில் இல்லை. அணுக்கருவைப் பிணைத்து வைக்கும் வன்விசை, ஆற்றல் கூடக்கூட வலுவிழக்கிறது என்று 1973இல் கிராஸ், வில்செக், பொலிட்சர் காட்டியதும் இதே வழியில்தான்.

உடன் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பாடத்திட்டம் எவ்வளவு நெருக்கினாலும் புலக் கோட்பாட்டுக்கு முன் இரண்டு வகுப்புகளை இந்தக் கணக்குகளுக்குக் கொடுங்கள். முக்கோணம் முடிந்ததும் ஒற்றைப் பரிமாண ஐசிங் சங்கிலியைக் கொடுக்கலாம்; மேலோ கீழோ நோக்கும் அணுக்காந்தங்கள் (ஸ்பின்கள்) ஒரே வரிசையில் நிற்கும் மாதிரி அது. ஒன்றுவிட்டு ஒன்று ஸ்பின்களைக் கூட்டி நீக்கினால் பக்கத்து ஸ்பின்களின் இணைப்பு வலிமையின் டேன்எச் (tanh சார்பு) மதிப்பு ஒவ்வொரு படியிலும் தன் வர்க்கமாகிச் சுருங்கும். தனிப் பூச்சிய வெப்பநிலைக்கு மேல் எந்த வெப்பநிலையிலும் அந்தச் சங்கிலி தானாகக் காந்தமாகாது என்று மாணவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.