தூரில் உறங்கும் கண்கள்

மார்கழி ஞாயிறுகளில் காரைக்குடிப் பக்கத்து ஐயனார் கோயில் காடு ஒன்றில் பத்துப் பதினைந்து பேர் கூடிச் சீமைக்கருவேலத்தை அகற்றுகிறோம். முதல் ஆண்டு அரிவாளும் கோடாலியுமாகப் போனோம். தரையோடு தரையாக வெட்டித் தள்ளிவிட்டு, காடு வெளிச்சமாகிவிட்டது என்று மகிழ்ந்து திரும்பினோம். அடுத்த மார்கழியில் ஒற்றைத் தண்டு இருந்த இடங்களில் ஏழெட்டுத் தண்டுகள் புதராக நின்றன. அவ்வழியே வந்த கரிமூட்டக்காரர் ஒருவர் சிரித்தார். “தம்பி, நாங்களும் இப்படித்தான் வெட்டுவோம், மறுபடி தழையட்டும் என்று.”

அவர் சொன்னது தாவரவியல். மரத்தின் நுனிக்குருத்து ஆக்சின் என்ற ஹார்மோனைச் சுரந்து கீழே அனுப்பிக்கொண்டிருக்கிறது. அது வந்துகொண்டிருக்கும் வரை கீழே உள்ள கண்கள், அதாவது தளிர்விடக் காத்திருக்கும் மொட்டுகள், எழுவதில்லை. தலையை வெட்டினால் அந்தத் தடை நீங்கிவிடுகிறது. தூரில் உறங்கிய கண்கள் ஒன்றாக விழிக்கின்றன. வேரில் சேர்த்துவைத்த மாவுச்சத்து அவற்றுக்குத் தீனி. கரிக்கு விறகு வேண்டியவருக்கு இது விளைச்சல், எங்களுக்குத் தலைவலி.

இந்தக் கண்கள் எங்கே இருக்கின்றன என்பதில்தான் சூட்சுமம். தண்டும் வேரும் சந்திக்கும் தூர்ப்பகுதியில், மண்ணுக்குள் ஏறத்தாழ ஒரு சாண் ஆழம்வரை அவை இருக்கும். கண்மாய்க் கரையோரம் வண்டல் படிந்து தண்டு புதைந்த இடங்களில் ஒரு முழம்வரைகூடத் தோண்ட நேரும். அதற்குக் கீழே உள்ள வேரில் கண் கிடையாது. எனவே முழு வேரையும் பிடுங்க வேண்டியதில்லை. பிடுங்கவும் முடியாது: அமெரிக்காவின் அரிசோனாவில், ஒரு சுரங்கத்தில், இதன் இன மரத்தின் வேரை 50 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் கண்டிருக்கிறார்கள். கண்கள் முடியும் இடத்துக்குக் கீழே அறுத்துத் தூரை வெளியே எடுத்துவிட்டால் எஞ்சிய வேர் தானே மட்கிவிடும்.

மார்கழியைத் தேர்ந்தது பக்தியால் அல்ல. செட்டிநாட்டின் செம்புறாங்கல் நிலம் சித்திரையில் கடப்பாரையைத் திருப்பி அடிக்கும். வடகிழக்குப் பருவமழை குடித்த பிறகு மண்வெட்டிக்கே இளகும். அந்த மழையில் முளைத்த கன்றுகளையும் இப்போது கையால் இழுத்துவிடலாம். இரண்டு மாதம் விட்டால் ஆணிவேர் ஆழம் போய்விடும். (ரப்பர் செருப்போடு யாரும் வரவேண்டாம். முள் அடிப்பாகத்தைத் துளைத்து உள்ளங்காலைத் தேடி வரும்.)

விதைதான் பெரிய தொல்லை. இனிப்பான காய்களை ஆடு மாடுகள் விரும்பித் தின்னும். கடினத்தோல் விதைகளில் பல செரிக்காமல் சாணத்தோடு வெளியேறி, மண்ணில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். நம் இலுப்பை விதையோ சில வாரங்களிலேயே முளைப்புத்திறனை இழந்துவிடும். பந்தயம் சமமானதல்ல.

ஆனால் சீமைக்கருவேலத்துக்கு ஒரு பலவீனம் உண்டு: அதன் கன்றுக்கு வெயில் வேண்டும். வீரை, உலக்கைப்பாலை, காசான் போன்ற நம் காட்டு மரங்கள் நெருங்கிக் கூரையிட்ட நிழலில் அது தேறாது. அதனால்தான் பழைய கோயில் காடுகளில் அது ஓரங்களிலும், பெரிய மரம் விழுந்த இடைவெளிகளிலுமே நுழைகிறது. அப்படிப் பார்த்தால் முதல் ஆண்டு நாங்கள் மகிழ்ந்த வெளிச்சம்தான் அதற்கு வைத்த விருந்து. ஏக்கர் கணக்கில் எந்திரம் வைத்து வழித்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை இல்லாமல் போனது இதனால்தான்: கிளறிய வெற்று மண்ணில் புதைந்திருந்த விதைகள் எல்லாம் எழும். இப்போது சிறு சிறு திட்டாக எடுக்கிறோம். எடுத்த இடத்தில் அந்த மழை ஈரத்திலேயே குருந்தும் உசிலையும் நடுகிறோம். சருகைக் கூட்டி எரிப்பதையும் நிறுத்திவிட்டோம். அது ஈரத்தை மூடிக் காக்கும் போர்வை.

இந்த மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. மற்ற மரங்களைப் போல இதன் இலைகளும் நீராவியை வெளியேதான் விடுகின்றன. குற்றம் சாட்ட உண்மையான காரணங்களே போதும்.

கூடு உள்ள மரத்தை மட்டும் குஞ்சுகள் பறக்கும்வரை தொடுவதில்லை. திருப்பத்தூர் அருகே கொள்ளுக்குடிப்பட்டியில், கண்மாய்க்கு வரும் பறவைகளுக்காகத் தீபாவளிப் பட்டாசையே விட்டுவிட்டவர்கள் இருக்கும்போது, எங்களுக்கு நான்கு வாரம் பொறுப்பது பெரிதல்ல.

மாசியில் ஒரு சுற்று வருவோம், சுண்ணாம்பு அடையாளமிட்ட குழிகளில் பச்சை தெரிகிறதா என்று பார்க்க. சென்ற ஆண்டு இரண்டில் தெரிந்தது. இரண்டும் நான் தோண்டியவை.