குயில் கோழி அல்ல, நெளிவரிக் கோழி

‘குக்கூ மரான்’ என்ற பிரெஞ்சுக் கோழியைத் தமிழில் ‘குயில் மரான்’ என்று எழுதுகிறார்கள். அகராதியில் குக்கூவுக்கு நேரே குயில் என்றிருப்பதுதான் காரணம். அகராதி பறவையைச் சொன்னது; கோழி வளர்ப்பவர் கேட்டது இறகை.

பிரெஞ்சில் ‘கூக்கூ’, டச்சில் ‘கூக்கூக்’, ஆங்கிலத்தில் ‘குக்கூ’, எல்லாம் கூவும் ஒலியில் பிறந்த பெயர்கள். அந்த ஐரோப்பியப் பறவையின் மார்பிலும் வயிற்றிலும் வெள்ளையில் கருஞ்சாம்பல் குறுக்குவரிகள் ஓடும். இறகில் அதே மாதிரி வரி இருந்ததால்தான் கோழிக்கு அந்தப் பெயர். ஜெர்மானியர் இதே கோலத்தை வல்லூறு வகைப் பறவையான ‘ஷ்பெர்பர்’ பெயரால் அழைக்கிறார்கள். பறவை எதுவானாலும் அவர்கள் பார்த்தது வரியை.

நம் குயில் வேறு. ஆண் முழுக் கறுப்பு, கண் சிவப்பு. பெண்ணுக்கு அடிப்பக்கத்தில் வரி உண்டே என்று யாராவது வாதாடலாம். அதன் முதுகு பழுப்பில் வெள்ளைப் புள்ளி. ஆனால் ‘குயில் நிறம்’ என்றதும் தமிழன் மனதில் வருவது கருங்குயில்தான். காக்கையும் கறுப்பு, குயிலும் கறுப்பு என்று கேட்டு வளர்ந்த காது அது. மரானில் முழுக் கறுப்பு வகையும் இருக்கிறது என்பதால் இது வெறும் சொல் சண்டை இல்லை. ‘குயில் மரான்’ முட்டை கேட்பவர் கறுப்புக் குஞ்சை எதிர்பார்த்தால் குற்றம் அவருடையதா?

‘சாம்பல் கோழி’ என்பதும் சரிவராது. தூரத்தில் சாம்பலாகத் தெரியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உண்மையான சாம்பல் நிறம் கறுப்பையே வெளுக்கச் செய்யும் வேறொரு மரபணுவால் வருவது. அதில் வரியே கிடையாது. டச்சுக்காரர்களும் இப்படித்தான் வழுக்கினார்கள்: ‘வட ஹாலந்து நீலம்’ என்ற கோழி நீலமே இல்லை, வரிக்கோழி.

வரி என்ற சொல் கையிலேயே இருக்கிறது. வரிக்குதிரை, வரிப்புலி என்கிறோம்; சங்கப் பாட்டில் அணிலே ‘வரிப்புற அணில்’. அழகுப் போட்டிக்கு வளர்க்கும் கோழியில் இரண்டு வகை வரிகளைப் பிரித்துச் சொல்ல வேண்டும். பிளிமத் ராக் என்ற அமெரிக்க இனத்தின் வரி நேராக, கூர்மையாக, ஒரே அகலத்தில், தோல்வரை இறங்கும். இறகு நுனி கறுப்பில் முடியும். அது நேர்வரி. மரானின் வரி வளைந்து, விளிம்பு மங்கி, அடி இறகில் கலங்கிப்போகும். அது நெளிவரி. இரண்டுக்கும் வரி தரும் மரபணு ஒன்றுதான். வளரும் இறகுக்குள் நிறம் விட்டுவிட்டு விழுகிறது. இறகு மெதுவாக வளர்ந்தால் வரி நெருங்கிக் கூராகும், வேகமாக வளர்ந்தால் அகன்று கலங்கும். நெளிவரி என்பதை ‘தரம் குறைந்த நேர்வரி’ என்று மொழிபெயர்ப்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

இந்த மரபணு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்யும் குரோமோசோமில் உள்ளது. தூய இனத்தில் சேவலுக்கு அதில் இரண்டு பிரதி, பெட்டைக்கு ஒன்றே. அதனால் சேவல் வெளிறியும் பெட்டை கருத்தும் நிற்கும். மரானில் இதைக் குறையாகக் கொள்வதில்லை. பிளிமத் ராக்கில் இரண்டும் ஒரே சாயலில் நிற்க வேண்டுமென்று விரும்பியவர்கள், போட்டிச் சேவலுக்குக் கருத்த வம்சம், போட்டிப் பெட்டைக்கு வெளிறிய வம்சம் என்று இரண்டு வம்சங்களைத் தனித்தனியே வளர்த்தார்கள். வரிப்பெட்டையைக் கறுப்புச் சேவலோடு சேர்த்தால் ஆண் குஞ்சுகள் மட்டும் வரியோடு வரும். பொரித்த அன்றே தலையில் வெள்ளைப் பொட்டு காட்டிக்கொடுக்கும். வரிப்பெட்டையில் அங்கொன்று இங்கொன்றாக முழுக் கறுப்பு இறகு முளைப்பது அடிக்கடி காணும் குறை. சேவலின் கழுத்தில் பித்தளை மஞ்சள் ஏறுவது இன்னொன்று. வெயில் அதைக் கூட்டும்.

இன்னொரு எரிச்சல், ‘பிரீட் ஸ்டாண்டர்ட்’ என்பதற்கு எழுதும் ‘இனத் தரம்’. தரம் என்றால் முதல் தரம், இரண்டாம் தரம் என்றுதான் காதில் விழும். போட்டி நடுவர் கையில் வைத்திருப்பது கொண்டை எப்படி, கால் நிறம் எப்படி, வரி எப்படி என்ற விதிகளை. 1874-இல் அமெரிக்காவில் முதலில் தொகுத்ததும் அவற்றைத்தான். குதிரைக்கும் காளைக்கும் இலக்கணம் சொல்லி வந்த மொழி இது. கோழிக்கும் ‘இன இலக்கணம்’ என்றே எழுதலாம்.