முதுகில் ஊசி போடும்போது அசையாதீர்கள், ஆனால் பேசுங்கள்

"இந்த ஊசி போட்டா ஆயுசுக்கும் முதுகுவலி வருமாமே டாக்டர்?" இடுப்புக்குக் கீழே மரத்துப்போவதற்காக முதுகில் போடும் ஊசியைப் பற்றி, சிசேரியனுக்கு வரும் பெண்கள் மயக்க மருத்துவரான என்னிடம் அடிக்கடி கேட்பது இது. வராது. குத்திய இடம் சில நாள் வலிக்கலாம், அவ்வளவுதான். கர்ப்பத்தில் தளர்ந்த தசைநார்கள், குனிந்தபடியே பால் கொடுப்பது, பிள்ளையைத் தூக்கிச் சுமப்பது என்று முதுகுவலிக்கு வேறு காரணங்கள் உண்டு. ஊசியே போடாமல் சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் அந்த வலி வருகிறது.

தண்டுவடத்தில் குத்திவிடுவோமோ என்ற பயமும் வேண்டாம். பெரியவர்களுக்குத் தண்டுவடம் பெரும்பாலும் முதல், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புகளின் அளவிலேயே முடிந்துவிடும். நாங்கள் குத்துவது அதற்கும் கீழே.

ஊசியின் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர். இவ்வளவு மெல்லியது தோலிலேயே வளைந்துவிடும் என்பதால், முதலில் ஒரு குட்டையான, தடித்த ஊசியைச் செருகி அதன் வழியாக இதை விடுகிறோம். உள்ளே கொழுப்பு வழவழவென்று வழிவிடும். தசைநார் இறுக்கிப் பிடிக்கும். முனை சாய்வாக வெட்டப்பட்ட ஊசி என்றால், சதை அதை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். தோலில் துளி கோணல், நாலைந்து சென்டிமீட்டர் போனதும் எலும்பில் முட்டும். சிலருக்கு ஊசியை வெளியே இழுத்துத் திசை மாற்றிக் குத்துவது இதனால்தான்.

மழுங்கிய கத்தியைப் பழுத்த தக்காளியில் அழுத்திப் பாருங்கள். தோல் முதலில் குழியும், அப்புறம் சட்டென்று கத்தி உள்ளே போகும். தண்டுவடத் திரவத்தைச் சுற்றியுள்ள உறையும் அப்படித்தான். ஊசிக்கு முன்னால் கொஞ்சம் குழிந்து, பிறகு விட்டுக்கொடுக்கும். அந்தச் சின்ன 'டப்' என் விரல் நுனியில் தெரியும். உள்கம்பியை எடுத்தால் தெளிந்த நீர் சொட்டும். இடத்தைக் குறிக்க அல்ட்ராசவுண்ட் உதவும், ஆனாலும் அந்தக் கடைசி மில்லிமீட்டர்களுக்கு விரலைத்தான் நம்புகிறேன். அந்த நேரத்தில் நீங்கள் துள்ளினால், ஊசி நின்ற இடத்தில் நிற்க, சதை நகர்ந்துவிடும்.

அதனால்தான் தலையணையைக் கட்டிக்கொண்டு, தாடையை நெஞ்சில் வைத்து முதுகை வளைக்கச் சொல்கிறோம். எலும்புகளுக்கு நடுவே வழி திறக்கும். பிரசவ வலி வந்தால் சொல்லுங்கள், காத்திருக்கிறோம்.

ஒரு பெண்ணுக்கு வலது காலில் ஷாக் அடித்தது போல் இருந்திருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டார். "சொன்னா திட்டுவீங்கன்னு பயந்துட்டேன் சார்" என்று பிறகு சொன்னார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. ஊசி நரம்பைத் தொட்டால்தான் அப்படி அடிக்கும். எந்தக் கால் என்று சொன்னால் உடனே பின்வாங்குவேன். இப்போதெல்லாம் குத்துவதற்கு முன்பே இதை ஒவ்வொருவரிடமும் சொல்லிவிடுகிறேன்.

1898இல் ஜெர்மனியின் கீல் நகரில் இந்த முறையைத் தொடங்கிய ஆகஸ்ட் பியர், தன் முதுகிலும் குத்திப் பார்க்கச் சொன்னார். திரவம் கசிந்து பல நாள் தலைவலியில் கிடந்தார். இன்றைய மெல்லிய பென்சில் முனை ஊசிகளில் அது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் வீட்டுக்குப் போன பிறகு, உட்கார்ந்தால் வலித்து, படுத்தால் விடுகிற தலைவலி வந்தால் மாத்திரை போட்டுச் சமாளிக்காதீர்கள். காய்ச்சலோ, கால் மரப்போ, சிறுநீர் பிரியாமையோ இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.