ஓர் எலக்ட்ரான் தாவினால் காந்தம் வரும்

பிரஷ்ய நீலம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் உருவான சாயம். அதில் இரண்டு இரும்பு அயனிகளுக்கு நடுவே ஒரு சயனைடு (ஒரு கார்பனும் ஒரு நைட்ரஜனும் இணைந்த அயனி) பாலம் போல நிற்கிறது. ஒரு பக்கம் +2 இரும்பு, மறுபக்கம் +3 இரும்பு. ஒளி பட்டதும் +2 இரும்பின் ஓர் எலக்ட்ரான் அடுத்த இரும்புக்குத் தாவுகிறது. அதற்குத் தேவையான ஆற்றல் சிவப்பு ஒளியிலிருந்து போய்விடுவதால் நம் கண்ணுக்கு நீலம் மிஞ்சுகிறது. (சயனைடு என்றதும் பயப்பட வேண்டாம். இரும்போடு இறுகப் பிணைந்த இந்தச் சாயத்தைத் தாலியம் நஞ்சுக்கு மருந்தாகவே கொடுக்கிறார்கள்.)

பாலத்தின் இரு முனைகளும் ஒன்றல்ல. கார்பன் முனை உலோகத்தை வலுவாகப் பிடித்து, அதன் எலக்ட்ரான்களை ஜோடி ஜோடியாக அடங்க வைக்கும். நைட்ரஜன் முனையின் பிடி தளர்வானது.

நைட்ரஜன் பக்கம் கோபால்ட்டை வைத்தால் கதை சூடு பிடிக்கிறது. +2 இரும்பு, +3 கோபால்ட் இரண்டிலும் எல்லா எலக்ட்ரான்களும் ஜோடி சேர்ந்திருப்பதால் அவற்றின் தற்சுழற்சிகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும், காந்தத்தன்மை இல்லை. இரும்பிலிருந்து ஒரே ஓர் எலக்ட்ரான் கோபால்ட்டுக்குப் போகட்டும். இரும்பில் 1, கோபால்ட்டில் 3 என 4 எலக்ட்ரான்கள் தனித்து நிற்கும். போனது ஒன்று, தனியானது நான்கு! கூடுதல் எலக்ட்ரானை ஏற்ற கோபால்ட், தன்னிடம் இருந்த ஜோடிகளில் ஒன்றையும் கலைத்துவிடுகிறது.

1996இல் ஜப்பானில் சாத்தோ, ஹாஷிமோட்டோ குழுவினர் இத்தகைய சேர்மம் ஒன்றின் மேல் கடுங்குளிரில் சிவப்பு ஒளியைப் பாய்ச்சினார்கள். காந்தத்தன்மை கூடியது, காந்த ஒழுங்கு (தனித்த எலக்ட்ரான்களின் தற்சுழற்சிகள் ஒழுங்காக அணிவகுப்பது) உண்டாகும் வெப்பநிலையும் 16 கெல்வினிலிருந்து 19 கெல்வினுக்கு ஏறியது. கூடிய காந்தத்தன்மையில் ஒரு பகுதியை நீல ஒளி நீக்கியது.

சரி, விளக்கை அணைத்த பிறகும் எலக்ட்ரான் ஏன் உடனே திரும்புவதில்லை? என்னைக் கேட்டால் இதுதான் இதில் சுவையான இடம். கோபால்ட்டில் தனித்த எலக்ட்ரான்களில் இரண்டு நைட்ரஜனை நோக்கிய இடங்களில் அமர்ந்து அதைத் தள்ளுகின்றன. 1.9 ஆங்ஸ்ட்ராமாக (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) இருந்த பிணைப்பு 2.1 ஆகிறது. எலக்ட்ரான் திரும்ப வேண்டுமானால் சுற்றியுள்ள ஆறு நைட்ரஜன்களும் மறுபடி நெருங்கி வர வேண்டும். குளிரில் அதற்கான அசைவு இல்லை. சூடேற்றினால் எலக்ட்ரான் திரும்பிவிடும்.

இந்தக் கணக்கு எவ்வளவு நுணுக்கமானது என்றால், படிகத்தில் சிக்கியிருக்கும் கரைப்பான் வெளியேறினாலே எலக்ட்ரான் தாவும் வெப்பநிலை மாறிவிடும். சிலவற்றில் தாவலே நின்றுபோகும்.